வால்ஸ் ஊருக்கு எந்த மாதம் போவது: மனிதக் கோபுரத்துக்கா, சுட்ட வெங்காயத்துக்கா?

செம்பூர்வாசி எழுதியது:

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். மும்பை செம்பூரில் 38 ஆண்டுகளாகக் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியன் நான். என் மருமகனுக்கு ஸ்பெயினின் கட்டலோனியா பகுதியில் தார்ரகோனா நகரை ஒட்டிய பெட்ரோகெமிக்கல் வளாகத்தில் இரண்டாண்டு வேலை அமைந்து, மகளும் ஏழு வயதுப் பேத்தியும் சென்ற ஆவணியில் அவருடன் போய்விட்டார்கள். நகரத்து வாடகை கட்டுப்படியாகாததால், அங்கிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, வால்ஸ் என்ற சிற்றூரில் வீடு பிடித்திருக்கிறார்கள். மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 25,000 தானாம். எங்களையும் வந்து தங்கச் சொல்கிறார்கள். விசாவில் 90 நாட்களுக்கு மேல் தங்க இயலாது என்பதால் ஒரே பயணத்தில் எதைப் பார்ப்பது என்ற யோசனையில் இருக்கிறோம்.

மகள் ஜனவரியில் வரச் சொல்கிறாள். அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஊரே கூடி வெங்காயம் சுட்டுத் தின்னும் திருவிழாவாம். வெங்காயத்துக்கு ஒரு திருவிழாவா என்று நான் சிரித்ததில் அவளுக்குச் சற்று வருத்தம். மருமகனோ, மனிதர் மேல் மனிதர் ஏறிக் கோபுரம் கட்டுவதைப் பார்க்காமல் அந்த ஊரைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது என்கிறார்.

உண்மையான கவலை வேறு. அந்தக் கோபுரத்தின் உச்சியில் ஏறுவதற்கு எடை குறைந்த சிறு பிள்ளைகள் வேண்டுமாம். பேத்தியின் பள்ளித் தோழி ஒருத்தி அவளைப் பயிற்சிக்கு அழைத்திருக்கிறாள்; அவளும் துள்ளிக்கொண்டு நிற்கிறாள். கோகுலாஷ்டமி அன்று எங்கள் தெருவில், ஆள்மேல் ஆள் ஏறி உயரே தொங்கும் தயிர்ப்பானையை உடைக்கும் தஹி ஹண்டி நடக்கும்போது பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காரும் வழக்கமுள்ள என் மனைவி, இதைக் கேட்ட நாளிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. அந்த ஊரையும் அந்த மரபையும் நேரில் அறிந்தவர்கள் விளக்கிச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். நாங்கள் சைவ உணவுக்காரர்கள் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

முலுண்ட் பொறியாளர் எழுதியது:

வணக்கம் ஐயா. தார்ரகோனாவில் மூன்றாண்டுகள் பணிபுரிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். வால்ஸுக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

முதலில் காலக்கணக்கு. ஜனவரியில் போனால் கோபுரங்களைக் காண்பது அரிது. ஜூன் 24 அன்று வரும் செயின்ட் ஜானின் திருநாளில் அந்த ஊரின் பெரிய நிகழ்ச்சிகள் சூடு பிடித்து, ஆகஸ்ட் முதல் வாரத்துச் சந்தைத் திருவிழாவைக் கடந்து, அக்டோபர் 21-ஐ ஒட்டி வரும் புனித உர்சுலா திருநாளில் உச்சம் தொடும். எல்லாம் நடக்கும் இடம் கோதுமைச் சதுக்கம் என்று பொருள்படும் 'பிளாசா தெல் பிளாத்'. நம்மூர் தேர்முட்டியை விடப் பெரியதாக இருக்காது. நான்கு பக்கமும் மாடி வீடுகள். பால்கனிகளில் நிற்பவர்களின் கண்ணுக்கு நேராக ஆறாவது, ஏழாவது நிலைக்காரர்களின் முகம் வரும். கோபுரக் கலையின் பூஜ்ஜியக் கிலோமீட்டர் இதுதான் என்பது அவர்கள் பெருமை. அது வெறும் பெருமையும் அன்று: 18-ஆம் நூற்றாண்டில் வலென்சியர் ஆட்டம் என்ற ஊர்வல நடனத்தின் முடிவில் சிறியதாகக் கட்டிய கோபுரம், நடனத்தை உதறிவிட்டுத் தனிக் கலையாக வளர்ந்தது இந்தப் பகுதியில்தான்.

ஊரில் இரண்டு குழுக்கள். 'கோல்யா வேல்யா' என்ற பழைய குழு தன் தொடக்கத்தை 1801-இல் வைத்துக்கொள்கிறது. ரோஜா நிறச் சட்டை. 'ஜோவஸ்' என்ற இளைய குழுவுக்குச் சிவப்புச் சட்டை. ஒரே தெருவில் குடியிருப்பவர்கள், ஒரே கடையில் ரொட்டி வாங்குபவர்கள், அக்டோபரில் மட்டும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு திரிவார்கள். உங்கள் பேத்திக்கு வந்த அழைப்பு எந்த நிறத்திலிருந்து என்பதை மகளிடம் கேட்டுவையுங்கள். வீட்டு உரிமையாளர் எதிர்ச் சட்டைக்காரராக இருந்தால் சற்றுச் சுவாரசியமாக இருக்கும்.

கட்டும் முறையைச் சொல்கிறேன், அம்மாவின் அச்சம் பாதியாவது குறையும். கோபுரத்தின் பெயரே அதன் கணக்கு. 'நான்கில் எட்டு' என்றால் நிலைக்கு நான்கு பேர், மொத்தம் எட்டு நிலை. மேல் மூன்று நிலைகள் பெரும்பாலும் பிள்ளைகளுடையவை: இருவர் நிற்க, அவர்கள் மேல் ஒரு பிள்ளை குனிந்திருக்க, அதன் மேல் ஏறிக் கடக்கும் மிகச் சிறிய பிள்ளைக்கு 'என்ஷனேத்தா' என்று பெயர். அந்தப் பிள்ளை ஒரு பக்கமாக ஏறி, உச்சியில் ஒரு கணம் கையை உயர்த்திவிட்டு, மறுபக்கமாக இறங்கும். தரையில் இருப்பது 'பின்யா'. பைன் மரத்துக் கூம்புக்காய்க்கு அவர்கள் மொழியில் இதுவே பெயர். செதில் செதிலாக நெருக்கி அடுக்கிய நூற்றுக்கணக்கான மனிதர்கள். ஒவ்வொருவருடைய கையும் முன்னிருப்பவரின் முதுகில் இருக்கும், அதன் அழுத்தம் நடுவில் நிற்கும் அடித்தூண்களுக்குப் போய்ச் சேரும். விழுபவர் விழுவதும் இவர்கள் மேல்தான். ஒன்பது நிலைக்குப் போகும்போது இந்தப் பின்யாவின் தோள்மேல் இன்னொரு சிறு பின்யா ஏறும். அதற்கு 'ஃபோல்ரா', அதாவது துணிக்கு உள்ளே தைக்கும் லைனிங் என்று பொருள். பத்து நிலைக்கு அதன் மேலும் ஒன்று.

ஒரு பயிற்சி மாலையில் நானும் வேடிக்கை பார்க்கப் போய், ஐந்து நிமிடத்தில் பின்யாவுக்குள் இழுத்து விடப்பட்டேன். அங்கு யாரும் யாரையும் அனுமதி கேட்பதில்லை. அன்று கண்டவற்றில் நெஞ்சில் நிற்பது இடுப்புக் கச்சை. பல மீட்டர் நீளமுள்ள கறுப்புத் துணி. ஒரு முனையை நண்பர் விறைப்பாகப் பிடித்துக்கொள்ள, மறுமுனையை இடுப்பில் வைத்துக்கொண்டு அணிபவர் பம்பரம் போலச் சுழன்று சுழன்று அவரை நோக்கி வருவார். ஒரு சுற்றுத் தளர்ந்தாலும் அவிழ்த்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார்கள். முதுகெலும்புக்குக் காப்பு அதுவே, மேலே ஏறும் பிள்ளைக்குக் கால் வைக்கும் படியும் அதுவே. சட்டை நழுவாமல் இருக்க அதன் காலரைப் பல்லால் கடித்துக்கொண்டு நிற்பார்கள். பக்கத்தில் நின்றால் அந்த மூச்சுச் சத்தம் கேட்கும்.

ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். 2006-இல் ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் பிள்ளைகளுக்கென்று தனியாக வடிவமைத்த தலைக்கவசம் எல்லாக் குழுக்களிலும் வழக்கமாயிற்று. பயிற்சிக் கூடங்களில் வலை கட்டியிருப்பார்கள். பிள்ளைகள் மாதக்கணக்கில் தாழ்ந்த நிலைகளில் ஏறி இறங்கிப் பழகிய பிறகே சதுக்கத்துக்கு வருகிறார்கள். ஏறும் பிள்ளைக்குத் தயக்கம் வந்தால் பாதியில் இறங்கிவிடலாம், கோபுரத்தையும் உடனே இறக்கிவிடுவார்கள். அந்த இறங்கி வருதலை நானே இருமுறை பார்த்திருக்கிறேன். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

தாராவி மூத்தவன் எழுதியது:

அண்ணாச்சிக்கு வணக்கம். நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவன். பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. 14 வயது முதல் 27 வயது வரை தஹி ஹண்டிக்குக் கோபுரம் கட்டும் கோவிந்தா குழுவில் ஏறியவன். ஐந்தாவது தரிலிருந்து, அதாவது ஐந்தாம் நிலையிலிருந்து, விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு என் ஏற்றம் முடிந்தது. குழுவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மருத்துவச் செலவுக்கு அவர்கள் அன்று கைவிரித்ததும் பழைய கதை.

பொறியாளர் நண்பர் எழுதியதைப் படித்தபோது, தஹி ஹண்டி என்றால் ஏதோ முரட்டு விளையாட்டு, அவர்களுடையது மட்டும் கலை என்ற எண்ணம் வாசிப்பவர்களுக்கு எழக்கூடும் என்று தோன்றியது. அவர் அப்படிச் சொல்லவில்லை என்றாலும் ஒரு செய்தியை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். உயர்ந்த மனிதக் கோபுரத்துக்கான கின்னஸ் பதிவு நெடுங்காலம் இதே வால்ஸ் ஊர்ப் பழைய குழுவின் பெயரில்தான் இருந்தது: 1981 அக்டோபர் 25, ஒன்பது நிலை, 39 அடி. அதை 2012-இல் தாணேயில் முறியடித்தவர்கள் ஜோகேஸ்வரியைச் சேர்ந்த ஜெய் ஜவான் குழுவினர், 43.79 அடி. அந்த ஆண்டு எங்கள் சந்தில் ஸ்பெயின் என்ற பெயரைச் சொல்லாத பையன் கிடையாது. வால்ஸ் என்று ஒரு ஊர் இருப்பது எனக்குத் தெரியவந்ததும் அப்படித்தான்.

ஆனால் பிற்பாடு அந்த 1981 நிகழ்ச்சியைப் பற்றித் தேடிப் படித்தபோது என் பெருமிதம் சற்று அடங்கியது. 19-ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய முன்னோர் ஒன்பது நிலை கட்டியிருக்கிறார்கள். பிறகு அந்தக் கலை தேய்ந்து, ஒன்பது என்பது பாட்டன்மார் சொல்லும் பழங்கதையாகிவிட்டது. 20-ஆம் நூற்றாண்டில் முதன்முதலாக ஒன்பதை மீட்டது அந்த உர்சுலா திருநாளில்தான். அவர்களுக்கு அது அடிக்கணக்கே அல்ல, இழந்த சொத்தைத் திரும்பப் பெற்ற நாள். அடிக்கணக்கு பார்க்கும் கின்னஸ் நூலைப் பற்றி அங்கே யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 1998-இல் பத்து நிலையையே கட்டலோனியக் குழுவினர் ஏற்றி இறக்கிவிட்டார்கள்.

இந்த 'இறக்கி' என்ற சொல்லில்தான் இரண்டு மரபுகளும் பிரிகின்றன என்பது என் கருத்து. பெரிய பரிசுக்கு நாங்கள் பானையை உடைக்க வேண்டியதில்லை. உச்சிப் பையன் நிமிர்ந்து கையை உயர்த்தி சலாமி வைத்தால் போதும். அவர்களுடைய பிள்ளையும் அதே போலத்தான் கையை உயர்த்துகிறது. ஆனால் எங்களுக்குச் சலாமியோடு ஆட்டம் முடிந்தது. அதன் பிறகு சரிந்தால் என்ன, சறுக்கினால் என்ன, கூட்டம் ஆடத் தொடங்கிவிடும். அங்கே கை உயர்ந்தால் பாதிதான் முடிந்தது. 'ஏற்றினார்கள்' என்று ஒரு கணக்கு, 'ஏற்றி இறக்கினார்கள்' என்று அதற்கு மேலான கணக்கு. கடைசி ஆள் தரையில் கால் வைக்கும் வரை யாரும் கொண்டாட மாட்டார்கள். நான் விழுந்தது ஏறும்போது அல்ல அண்ணாச்சி, சலாமி வைத்த பிறகு.

பயிற்சிக் காலமும் வேறு. நாங்கள் குரு பூர்ணிமாவுக்குத் தொடங்கி கோகுலாஷ்டமிக்கு முடிப்போம். அவர்கள் ஆண்டின் பெரும்பகுதி வாரந்தோறும் கூடுகிறார்கள். மேலும் எங்கள் தலைமேல் தண்ணீர் கொட்டுவார்கள், அவர்கள் தலைமேல் யாரும் கொட்டுவதில்லை. இங்கே 2014-இல் உயர் நீதிமன்றம் 20 அடி வரம்பு விதித்தது. 2017-இல் உயர வரம்பு நீங்கினாலும் 14 வயதுக்குக் குறைந்தவர்கள் ஏறக் கூடாது என்று நின்றது. அந்த வரம்பு சரியே என்பதில் எனக்கு ஐயமில்லை, ஏனென்றால் எங்கள் பயிற்சி அப்படி. பேத்தியைப் பற்றி முடிவெடுக்கும் முன் மருமகனை ஒரு மாதம் அந்தப் பின்யாவில் நிற்கச் சொல்லுங்கள். கீழே தாங்கும் கை தன் தகப்பனுடையது என்றால் பிள்ளைக்கும் தைரியம், உங்களுக்கும் உள்ளே நடப்பது என்ன என்று தெரியும்.

மாட்டுங்கா அகிலா எழுதியது:

நமஸ்காரம் மாமா. கோபுரத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நீங்கள் சிரித்த அந்த வெங்காயத்துக்காகப் பரிந்து பேச ஒருவராவது வேண்டுமே என்று எழுதுகிறேன். தங்கை பார்சிலோனாவில் படித்தபோது ஒரு பிப்ரவரியில் நானும் வால்ஸுக்குப் போய் வயிறு நிறையத் தின்றுவிட்டு வந்தவள்.

அதன் பெயர் 'கல்சோட்'. பார்வைக்கு நம் வெங்காயத்தாளின் தடித்த அண்ணன். முதல் ஆண்டு விளைந்த வெள்ளை வெங்காயத்தைப் பிடுங்கி வைத்து, கோடை முடிவில் மீண்டும் நடுகிறார்கள். ஒரு வெங்காயத்திலிருந்து பல குருத்துகள் கிளம்பும். அவை வளர வளர மண் அணைத்துக்கொண்டே போக, வெயில் படாத அடித்தண்டு வெளுத்து நீளும். காலில் செருப்பு மாட்டிவிடுவதற்கும் செடிக்கு மண் அணைப்பதற்கும் அவர்கள் மொழியில் ஒரே சொல். அதிலிருந்துதான் 'கல்சோட்' என்ற பெயரே வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் இதற்கு உண்டு. வெள்ளைத் தண்டு 15 முதல் 25 சென்டிமீட்டர் நீளம் இருந்தால்தான் வால்ஸ் கல்சோட் என்று விற்க முடியும்.

சாட் தே பெனாய்ஜஸ் என்ற குடியானவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் குருத்து வெங்காயத்தை நெருப்பில் போட்டுக் கருகவிட்டு, தூக்கி எறிய மனமில்லாமல் தோலை உரித்துத் தின்றுபார்த்தார் என்பது ஊர்க்கதை. இன்றும் அப்படித்தான் சுடுகிறார்கள். கத்தரித்த திராட்சைக் கொடிச் சுள்ளிகளில் கொழுந்துவிட்டு எரியும் நெருப்பு. தணல் அல்ல, சுவாலையே வேண்டும். மேல்தோல் கரியானதும் செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டி வைத்தால் உள்ளே ஆவியில் வெந்து இளகும். அதைக் கூரை ஓட்டில் வைத்துப் பரிமாறுவார்கள். இடது கையால் கரிந்த நுனியைப் பிடித்து, வலது கையால் உள்தண்டை இலைப் பக்கமாக உருவினால், கரித்தோல் ஒரு கையிலும் முத்து வெள்ளைத் தண்டு மறு கையிலும் வரும். சாஸில் தோய்த்து, தலையை அண்ணாந்து, வாய்க்குள் இறக்க வேண்டியதுதான். கழுத்தில் குழந்தைக்குக் கட்டுவது போல ஒரு துணி கட்டிவிடுவார்கள். மானம் பார்த்தால் தின்ன முடியாது.

அந்தச் சாஸ் முழுச் சைவம்: பாதாம், ஹேசல்நட், சுட்ட தக்காளி, சுட்ட பூண்டு, 'ஞோரா' என்ற காரமில்லாத உருண்டைக் காய்ந்த மிளகாய், ஆலிவ் எண்ணெய், வினிகர். அம்மியில் அரைத்தது போலக் கொரகொரப்பாக இருக்கும். வெங்காயத்துக்குப் பிறகு தட்டில் இறைச்சி வரும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஆர்டிசோக் என்ற பூமொட்டுக் காயைச் சுட்டும், வெள்ளை பீன்ஸும் தருவார்கள். கடைசியில் ஆரஞ்சுப் பழம். கஸ்டர்டு மாதிரி ஓர் இனிப்பு வரும். அதில் முட்டை உண்டு, கவனம்.

திரும்பி வந்து மாட்டுங்கா மார்க்கெட்டில் 'பாதிச்சா காந்தா' என்று வெங்காயத்தாளைக் கேட்டு வாங்கி, கேஸ் அடுப்பில் சுட்டுப் பார்த்தேன். சுவை பாதிக்குப் பாதி வந்தது. புகை மட்டும் முழுதாக வந்து மேல்மாடிக்காரர் கீழே இறங்கி வந்துவிட்டார்.

ஒரு திருத்தம்: விழாதான் ஜனவரிக் கடைசி ஞாயிறு. கல்சோட் அறுவடை நவம்பரிலேயே தொடங்கி ஏப்ரல் வரை நடக்கும். எனவே அக்டோபர் நடுவில் போய் நவம்பர் கடைசி வரை இருந்தால் கோபுரமும் வெங்காயமும் ஒரே பயணத்தில் கிடைக்கும். அடுத்த ஆண்டு வரை பொறுக்க முடியுமானால் அதுவே என் யோசனை.

ஸயான் ஒத்துக்காரர் எழுதியது:

அகிலா அம்மையாரின் யோசனையை வழிமொழிகிறேன். எங்கள் குடும்பம் நாகசுரக் குடும்பம் என்பதால் யாரும் சொல்லாத ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்.

கோபுரம் எழும்போது 'கிரால்யா' என்ற குழல் ஊதுகிறார்கள். இரட்டைச் சீவாளி வைத்த கருவி, நம் முகவீணையின் உறவு என்று கேட்டவுடன் சொல்லிவிடலாம், நாகசுரத்தின் கனம் கிடையாது, கீச்சென்ற வீச்சு மட்டும் உண்டு. கூடவே இடுப்பில் தொங்கும் சிறு முரசு. அது அலங்கார இசை என்று எண்ணிவிட வேண்டாம். பின்யாவில் தலைகுனிந்து நெருக்கிக்கொண்டு நிற்பவர்களுக்கு மேலே என்ன நடக்கிறது என்பது தெரியவே தெரியாது. அவர்களுக்குக் கண் அந்தக் குழல்தான். அடி உறுதியாக நிற்கிறது என்று கண்ட பிறகே வாசிப்புத் தொடங்கும், உச்சிப் பிள்ளை கை உயர்த்தும்போது ஒரு பகுதி, இறங்கும்போது வேறு பகுதி. எந்த நேரத்தில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று காதால் கேட்டுத் தாங்குகிறார்கள். சுவாமி புறப்பாட்டில் மல்லாரி கேட்டவுடன், திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று நமக்குப் புரிந்துவிடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முலுண்ட் பொறியாளர் எழுதியது:

அருமையான விளக்கம். அக்டோபர் என்று முடிவானால் இரண்டு குறிப்புகள். நவம்பர் 1 அன்று வில்லாஃபிராங்கா என்ற ஊரிலும் பெரிய கோபுர நாள் உண்டு, தார்ரகோனாவிலிருந்து ரயிலில் போய்வரலாம். இரட்டைப்படை ஆண்டாக இருந்தால் அக்டோபர் தொடக்கத்தில் தார்ரகோனாவின் பழைய காளைப்போர் அரங்கில் குழுக்களின் போட்டி நடக்கும். அதற்கேற்ப ஒரு வாரம் முன்னதாகப் புறப்படலாம்.

வால்ஸிலேயே கோபுரமும் வெங்காயமும் தவிர, செயின்ட் ஜான் தேவாலயத்தின் சுமார் 74 மீட்டர் உயர மணிக்கூண்டு ஊருக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் முதலில் தெரியும். பலர் தவறவிடுவது ஜெபமாலை அன்னையின் சிற்றாலயம். 1571-இல் நடந்த லெபாந்தோ கடற்போரை 1605-ஆம் ஆண்டில் சுவர் முழுவதும் ஓடுகளில் தீட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கப்பலின் துடுப்பையும் எண்ணலாம். இன்னொன்று, ஒன்றில் முடியும் ஆண்டுகளில் பத்தாண்டுக்கு ஒருமுறை மெழுகுவர்த்தி அன்னைக்குப் பெருவிழா எடுப்பார்கள். 2021-இல் வரவேண்டியது தொற்றுக்காலத்தால் 2022-க்குத் தள்ளிப்போயிற்று. அடுத்தது 2031, நம் கும்பகோணத்து மகாமகத்தைப் போல நாட்காட்டியில் குறித்து வைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு.

செம்பூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லாப் பதில்களையும் நேற்றிரவு மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். ஜனவரிப் பயணத்தை ஒத்திவைத்து, வரும் அக்டோபர் இரண்டாம் வாரம் புறப்படுவது என்று முடிவு செய்திருக்கிறோம். தாராவி நண்பரின் யோசனையை மருமகனிடம் சொன்னேன். அவர் ஏற்கெனவே இரண்டு வெள்ளிக்கிழமைகள் பயிற்சிக்குப் போய் நின்றிருக்கிறார், எங்களிடம்தான் சொல்லவில்லை. சட்டை ரோஜா நிறம். வீட்டு உரிமையாளர் சிவப்பாம்.

பேத்தி விஷயத்தில் என் மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் இன்று காலை, பழைய ஒன்பது கெஜப் பட்டுப் புடவை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, அதைக் கிழித்தால் அந்தக் குழந்தையின் இடுப்புக்கு எத்தனை சுற்று வரும் என்று என்னைக் கேட்டாள். பட்டு வழுக்கும் என்று சொல்லியிருக்கிறேன். பருத்திதானே கட்டுவார்கள், பொறியாளர் தம்பி உறுதிசெய்தால் நல்லது.

முலுண்ட் பொறியாளர் எழுதியது:

பருத்திதான் ஐயா. பட்டுப் புடவையை அம்மா பெட்டியிலேயே வைக்கட்டும். கச்சையைக் குழுவே கொடுக்கும்.